வரைபடச் செயலியில் நம் வீட்டு வாசல்: எதை மறைக்கலாம், எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: "சென்னையில் எங்கள் வீடு ஒரு வரைபடச் செயலியின் தெருப்படத்தில் வாசலோடு தெரிகிறது. அம்மா நைட்டியில், தோளில் துண்டு போட்டபடி குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார். முகத்தை மங்கலாக்கியிருக்கிறார்கள். ஆனாலும் சொந்தக்காரப் பையன் ஒருவன் அதைக் கண்டுபிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அம்மாவுக்கு ரொம்ப வருத்தம். அந்தப் படத்தை எடுக்கவைக்க முடியுமா? இப்படி எடுப்பது சட்டப்படி சரியா? வீட்டையே மறைத்துவிடலாமா?"

முடியும். அம்மாவின் உருவத்தை முழுவதும் மங்கலாக்கச் சொல்லலாம், வீட்டையும் மறைக்கச் சொல்லலாம், இரண்டுக்கும் காசு கிடையாது. எந்தச் செயலி என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் பெரும்பாலானோர் கையில் இருக்கும் கூகுள் மேப்பை வைத்தே வழிமுறையைப் பின்னால் எழுதுகிறேன். ஆனால் வீட்டையே மறைப்பது பற்றி முடிவெடுக்கும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் கேள்விக்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அம்மாவின் மானம். இன்னொன்று, அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அந்நியருக்குத் தெரிவது. முதலாவதைப் புகார் கொடுத்தே சரிசெய்துவிடலாம். இரண்டாவது அப்படியல்ல, அதைப் பற்றித்தான் பேச நிறைய இருக்கிறது.

அம்மா வருத்தப்படுவது நியாயம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "முகம்தான் தெரியலையே, விடுங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முகத்தை மங்கலாக்குவது அந்நியரிடமிருந்துதான் காப்பாற்றும். தெரிந்தவருக்கு வீட்டு கேட்டும், நிற்கும் வண்டியும், குனிந்திருக்கும் விதமுமே போதும். கனடாவின் கியூபெக்கில் இதே மாதிரி ஒரு வழக்கு நடந்தது. ஒரு பெண் தன் வீட்டு வாசல்படியில் குனிந்து உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூகுள் மேப்பின் தெருப்படச் சேவையான ஸ்ட்ரீட் வியூவின் கார் படம் எடுத்துவிட்டது. உடை விலகியிருந்தது. முகம் மங்கல்தான், ஆனால் வீட்டு எண்ணும் காரின் நம்பர் பிளேட்டும் தெரிந்தன. கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்தார்கள். அவர் வழக்குப் போட, 2014இல் நீதிமன்றம் அவருக்கு 2,250 கனடிய டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பிறர் கண்ணில் படும் இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் தன் அந்தரங்கத்தை விட்டுக்கொடுத்துவிட்டதாக ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தொகை சின்னதுதான். ஆனால் முகத்தை மறைத்தாலே கடமை முடிந்தது என்ற வாதத்தை ஒரு நீதிமன்றம் ஏற்கவில்லை என்பது பெரிய விஷயம்.

எல்லா நீதிமன்றமும் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு தம்பதி, தங்கள் சொந்தப் பாதைக்குள்ளேயே கார் நுழைந்து படம் எடுத்ததாக 2008இல் வழக்குப் போட்டார்கள். அந்தரங்கம் மீறப்பட்டது என்ற வாதம் தள்ளுபடியானது. அத்துமீறி நுழைந்தார்கள் என்ற குற்றச்சாட்டு மட்டும் நிலைத்தது. 2010 முடிவில் அவர்களுக்குக் கிடைத்தது 1 டாலர்.

இந்த மங்கலாக்கும் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது புரியும். ஸ்ட்ரீட் வியூ 2007 மே மாதம் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் வந்தபோது முகங்களைத் தானாக மறைக்கும் ஏற்பாடே கிடையாது. அடுத்த ஆண்டுதான் அது வந்தது. கம்ப்யூட்டர் நிரல் ஒன்று படத்தில் முகம் போன்ற வடிவத்தையும் நம்பர் பிளேட் போன்ற வடிவத்தையும் தேடி மங்கலாக்கும். கூகுள் பொறியாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், முகங்களில் 89 சதவீதத்துக்கு மேல், நம்பர் பிளேட்டுகளில் 94 முதல் 96 சதவீதம் வரை சரியாக மறைவதாகச் சொன்னார்கள். அது அன்றைய கணக்கு. மனிதர் எது, விலங்கு எது என்று அந்த நிரலுக்குத் தெரியாது. 2016இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆற்றோரம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மாட்டின் முகத்தையும் அது மறைத்து வைத்திருந்தது செய்தியானது. உடம்பு, உடை, வீடு, பெயர்ப்பலகை எதையும் அது கண்டுகொள்ளாது. யாராவது கேட்டால்தான் அதெல்லாம் மறையும்.

இப்போது உங்கள் வீட்டுப் படத்தையே திறந்து வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவர் பார்ப்பதுபோல் பாருங்கள். காம்பவுண்டு சுவரில் பழைய எண், புதிய எண் இரண்டும் இருக்கும். பக்கத்தில் கிரானைட் பலகையில் அப்பா பெயர், படிப்பு, ஓய்வுபெற்றவர் என்றால் எந்தத் துறை என்பதுவரை செதுக்கியிருக்கும். நிலைப்படிக்கு மேலே விநாயகரோ, சிலுவையோ, 786ஓ இருக்கும். அது மதத்தைச் சொல்லிவிடும். வண்டியின் நம்பர் மறைந்திருக்கும், ஆனால் பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் "வழக்கறிஞர்" அப்படியே இருக்கும். சில வண்டிகளில் சாதித் தலைவர் படமும் கட்சிக் கொடியும் இருக்கும். படியில் கிடக்கும் செருப்பை எண்ணி வீட்டில் எத்தனை பேர், சின்னக் குழந்தை உண்டா என்று ஓரளவு ஊகிக்கலாம். கேட்டில் பால் பை தொங்குகிறதா, கிரில் கதவில் பூட்டு வெளியிலா உள்ளேயா, கேமரா இருக்கிறதா, பக்கவாட்டில் மொட்டைமாடிக்குப் படி போகிறதா, எல்லாம் தெரியும். மாடியில் "டு லெட்" பலகை இருந்தால் அதில் போன் நம்பரும் இருக்கும். இதில் ஒன்றுகூட முகம் கிடையாது. ஒன்றும் மங்கலாகவும் ஆகாது.

"தெருவில் நடந்துபோகிற யாரும் இதைப் பார்க்கலாமே?" என்பார்கள். பார்க்கலாம்தான். ஆனால் தெருவில் நின்று ஒருவர் உங்கள் கேட்டையே அஞ்சு நிமிடம் உற்றுப்பார்த்தால் எதிர்வீட்டுப் பாட்டி "யாருப்பா, யாரைத் தேடறே?" என்று கேட்டுவிடுவார். நம் தெருக்களின் பாதுகாப்பில் பாதி அந்தக் கேள்விதான். படத்தில் பார்ப்பவரை யாரும் கேட்பதில்லை. அவர் எந்த ஊரிலிருந்தும், எந்த நேரத்திலும், எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். பல தெருக்களுக்குப் பழைய ஆண்டுகளின் படங்களையும் எடுத்துப் பார்க்கும் வசதி 2014இலிருந்து இருக்கிறது.

நம் ஊரில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. வாக்காளர் பட்டியல். கதவு எண், பெயர், வயது, ஆணா பெண்ணா, தந்தை அல்லது கணவர் பெயர் எல்லாம் அதில் தெருவாரியாக இருக்கிறது. தேர்தலின் நேர்மைக்காக அது வெளியில் இருக்க வேண்டியதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேட்டில் தெரியும் எண்ணையும் பட்டியலில் இருக்கும் எண்ணையும் சேர்த்தால், அந்த வீட்டில் தனியாக இருக்கும் 70 வயது அம்மா யார் என்பது அந்நியருக்குத் தெரிந்துவிடும். படம் தனியாகச் செய்யும் கெடுதல் கொஞ்சம். வேறொன்றோடு சேரும்போதுதான் அது பல மடங்காகிறது. தெருப்படத்தின் அந்தரங்கப் பிரச்சினை என்று நான் நினைப்பது இந்தச் சேர்க்கையைத்தான். முகம் அதில் ரொம்பச் சின்னப் பங்கு.

இந்தச் சேர்க்கையைத் தனிமனிதர் மட்டும் செய்வதில்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 200 அமெரிக்க நகரங்களின் 5 கோடி ஸ்ட்ரீட் வியூ படங்களை எடுத்து, அவற்றில் நின்ற கார்களின் மாடலை மட்டும் வைத்து, அந்தப் பகுதி மக்களின் வருமானம், இனம், எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார்கள் என்பதையெல்லாம் ஊகித்துக் காட்டினார்கள். போலந்தில் இன்னொன்று நடந்தது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் 20,000 பேரின் முகவரிகளை எடுத்து, அந்த வீடுகளின் தெருப்படங்களைப் பார்த்து, வீடு பழையதா புதியதா, என்ன வகை, எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்தார்கள். அந்தக் குறிப்புகளைச் சேர்த்ததும், யார் காரை இடிப்பார்கள் என்று கணிக்கும் நிறுவனத்தின் முறை முன்பைவிட மேம்பட்டது. யோசித்துப் பாருங்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்காததற்கும் வண்டிக் காப்பீட்டுக்கும் ஒருவர் முடிச்சுப் போட முடிகிறது. அந்த வாடிக்கையாளர்கள் முகவரி கொடுத்தது இதற்காக அல்ல. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

அப்புறம், நாமே போடும் போட்டோக்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஸ்ட்ரீட் வியூ படங்களைக் கொடுத்துப் பழக்கிய ஒரு நிரல், தெருப்படம் ஒன்றைப் பார்த்தே அது உலகில் எந்த இடம் என்று சொல்லும். அதன் ஊகங்களில் 40 சதவீதத்துக்கு மேல் சரியான இடத்திலிருந்து 25 கிலோமீட்டருக்குள் விழுந்தன. அது ஊர் அளவுக்கான துல்லியம், வீடு அளவுக்கு இல்லை. ஆனால் ஏரியா பெயர் ஏற்கெனவே தெரிந்த ஒருவர், உங்கள் தங்கை இன்ஸ்டாகிராமில் போட்ட செல்ஃபியின் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரையும் நீல கேட்டையும் வைத்துத் தெருத்தெருவாகத் தேடினால், ஒரு மாலைப்பொழுதில் வீட்டைக் கண்டுபிடிக்க முடியும். பொறுமைதான் வேண்டும். ஒருவரை விடாமல் தொந்தரவு செய்பவர்களுக்கு அது நிறைய இருக்கிறது.

மற்ற நாடுகள் இதைக் கையாண்ட விதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது சுவிட்சர்லாந்து. 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தானாக மறைப்பதில் 1 சதவீதம் வரை தவறலாம் என்று விட்டுக்கொடுத்தது. ஆனால் பள்ளி, மருத்துவமனை, சிறை, நீதிமன்றம், பெண்கள் காப்பகம் போன்ற இடங்களின் முன்னால் முகம் மட்டும் மறைத்தால் போதாது, உடையும் தோல் நிறமும்கூட ஆளைக் காட்டிக்கொடுக்காதபடி முழுவதும் மறைக்க வேண்டும் என்றது. கேமரா உயரத்தையும் விட்டுவைக்கவில்லை. சாதாரணமாக நடந்துபோகிறவர் பார்க்க முடியாத தோட்டத்தையும் முற்றத்தையும் கேமராவும் பார்க்கக் கூடாது என்றது. ஜப்பானில் 2009இலேயே இந்த எதிர்ப்பு வந்து, கூகுள் கேமராவை 40 சென்டிமீட்டர் இறக்கி மறுபடி படம் எடுக்க வேண்டியதாயிற்று. நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். அஞ்சடி காம்பவுண்டு சுவருக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லும் கிணற்றடியும் இருக்கின்றன. காருக்கு மேலே கம்பத்தில் ஏற்றிய கேமராவுக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

ஜெர்மனியில் 2010இல், படம் வெளியாகும் முன்னாலேயே எங்கள் வீட்டை மறையுங்கள் என்று கேட்க வாய்ப்புக் கொடுத்தார்கள். 20 நகரங்களில் சுமார் 2,44,000 வீட்டார் கேட்டார்கள். மொத்தத்தில் அது 3 சதவீதத்துக்கும் குறைவு. அங்கே நடந்த ஒன்று உங்கள் மூன்றாவது கேள்விக்கு நேரடியாகப் பயன்படும். எசன் நகரில் மறைக்கப்பட்ட சில வீடுகளைத் தேடிப்போய் முட்டை அடித்தார்கள். வரிசையில் எல்லா வீடும் தெளிவாக இருக்க, ஒன்று மட்டும் புகைமூட்டமாக இருந்தால் கண் அங்கேதான் போகும்.

அதே ஆண்டில் இன்னொன்றும் வெளிப்பட்டது. ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கார்களில் என்ன சேகரிக்கிறீர்கள் என்று குடைந்து கேட்ட பிறகு, பூட்டுப்போடாத வைஃபை வழியாகப் போன மின்னஞ்சல், கடவுச்சொல் போன்றவற்றின் துணுக்குகளையும் அந்தக் கார்கள் பதிவுசெய்திருந்ததை கூகுள் ஒப்புக்கொண்டது. தெரியாமல் நடந்துவிட்டது என்றது. 2013இல் அமெரிக்காவின் 38 மாநிலங்களுக்கு 70 லட்சம் டாலர் கொடுத்து உடன்பாடு செய்துகொண்டது. ஒரு அதிகாரி கேட்காமல் இருந்திருந்தால் இது எப்போது வெளியே வந்திருக்கும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

சரி, நம் சட்டம். 2011இல் பெங்களூருவில் ஸ்ட்ரீட் வியூ கார் ஓடத் தொடங்கிய சில வாரங்களில் போலீஸ் நிறுத்தியது. 2016இல் மத்திய அரசும் அனுமதி மறுத்தது. இரண்டுக்கும் காரணம் நாட்டின் பாதுகாப்பு. 2021 பிப்ரவரியில் வரைபடத் தரவு விதிகள் தளர்ந்தன. தெருப்படம் எடுப்பது இந்திய நிறுவனங்களுக்கு மட்டுமே என்ற நிபந்தனை வந்தது. அதனால்தான் 2022 ஜூலையில் சென்னை உட்பட 10 நகரங்களில் ஸ்ட்ரீட் வியூ திரும்பி வந்தபோது, படங்களை ஜெனெசிஸ், டெக் மகிந்திரா ஆகிய நிறுவனங்கள் எடுத்துக் கொடுத்தன. இத்தனை ஆண்டு விவாதத்திலும் பேச்சு ராணுவ முகாம், எல்லை, வெளிநாட்டு நிறுவனம் என்றே போனது. வாசலில் கோலம் போடுகிற அம்மாவைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

தெருவில் நின்று படம் எடுப்பதைத் தனியாகக் குற்றமென்று சொல்லும் சட்டம் இல்லை. ஆனால் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். பொது இடத்துக்கு வந்துவிட்டாலே அந்தரங்கம் போய்விடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், ஒருவரை அடையாளம் காட்டும் எந்தத் தரவும் தனிநபர் தரவுதான். ஆனால் தரவை அழிக்கக் கேட்கும் உரிமையை அந்தச் சட்டம் சம்மதம் கொடுத்த தரவுக்கே கட்டிப்போட்டிருக்கிறது. அம்மாவிடம் யாரும் சம்மதமே கேட்கவில்லை, அப்படியிருக்க அழிக்கக் கேட்கும் உரிமையும் அவருக்குத் தெளிவாகக் கிடைக்கவில்லை. இது சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை என்பது என் கருத்து. இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம். ஆகவே இப்போதைக்குக் கோர்ட்டுக்குப் போவதைவிடச் செயலிக்குள் புகார் கொடுப்பதே வேகமான வழி.

அதைச் செய்யும் முறை: கம்ப்யூட்டரில் கூகுள் மேப்பைத் திறந்து, மஞ்சள் நிறச் சின்ன மனித உருவத்தை உங்கள் தெருவில் இறக்குங்கள். அம்மா தெரியும் படம் வந்ததும், கீழே வலது ஓரத்தில் சிக்கலைத் தெரிவிக்கும் இணைப்பு சின்ன எழுத்தில் இருக்கும். போனில் என்றால் மூன்று புள்ளியைத் தொட்டால் கிடைக்கும். திறந்தால் படத்தின் மேல் ஒரு சிவப்புப் பெட்டி வரும். அம்மாவின் உருவம் அதற்குள் வரும்படி படத்தை நகர்த்துங்கள். எதை மறைக்க வேண்டும் என்ற கேள்விக்கு முகம், வீடு, வண்டி எனத் தேர்வுகள் இருக்கும். விளக்கம் எழுதும் கட்டத்தில், முகம் ஏற்கெனவே மறைந்திருந்தாலும் உடையாலும் வீட்டாலும் ஆள் அடையாளம் தெரிகிறது, முழு உருவத்தையும் மறைக்கவும் என்று தெளிவாக எழுதுங்கள். மொட்டையாக அனுப்பினால், முகம்தான் மறைந்திருக்கிறதே என்று தள்ளிவிட வாய்ப்பு உண்டு. கார் சில மீட்டருக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே போகும். அதனால் அம்மா ஒரே படத்தில் மட்டும் இருக்க மாட்டார். ரெண்டு வீடு முன்னாலும் ரெண்டு வீடு பின்னாலும் நகர்ந்து பார்த்து, தெரிகிற ஒவ்வொன்றுக்கும் புகார் கொடுங்கள். மறைத்ததைத் திரும்பத் தெளிவாக்க முடியாது என்று கூகுளே சொல்கிறது, ஆகவே பெட்டியைப் பார்த்து வையுங்கள்.

வீட்டையும் மறைக்க வேண்டுமா? பிரிந்துபோன கணவன் தேடுகிறான், ஒருவன் விடாமல் பின்தொடர்கிறான், கொலைமிரட்டல் இருக்கிறது என்ற நிலை யாருக்காவது இருந்தால் இன்றைக்கே மறையுங்கள், தயங்கவே வேண்டாம். அப்படி எதுவும் இல்லாத சாதாரணக் குடும்பம் என்றால் நான் மறைக்கச் சொல்ல மாட்டேன். முதன்முறை வருகிற டாக்டரோ, ஆம்புலன்ஸோ, சக்கர நாற்காலியில் வரும் உறவினரோ வாசலை முன்கூட்டிப் பார்ப்பதில் பயன் இருக்கிறது. தனியாக மங்கலான வீடு கவனத்தை இழுக்கும் என்பதும் இருக்கிறது. வீட்டுக்குப் பதிலாகப் பெயர்ப்பலகை, ஆள், வண்டி இவற்றை மட்டும் மறைக்கக் கேளுங்கள். "டு லெட்" பலகையில் அம்மாவின் நம்பர் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெருப்படத்தைவிட மோசமான ஒரு கசிவு பல வீடுகளில் இருக்கிறது, அதையும் இதோடு பார்த்துவிடுங்கள். வீட்டில் டியூஷனோ, தையலோ, மாவு விற்பனையோ நடந்திருந்தால் யாராவது அதை மேப்பில் கடையாகப் பதிவுசெய்து, பெயரும் போன் நம்பரும் போட்டிருப்பார்கள். தொழில் நின்று பல வருடம் ஆகியும் அது அங்கேயே இருக்கும். "இன்னார் இல்லம்" என்று பிள்ளைகள் ஆசையாகக் குத்திவைத்த புள்ளியும் அப்படித்தான். தெருப்படம் வாசலைத்தான் காட்டும், இந்தப் புள்ளி ஆளின் பெயரையும் நம்பரையும் கையில் கொடுத்துவிடும். அதைத் தட்டி, மாற்றம் தெரிவிக்கும் இடத்தில், மூடப்பட்டது அல்லது தனியார் வீடு என்று குறித்து நீக்கச் சொல்லுங்கள்.

சொந்தக்காரப் பையன் விஷயத்தில் எந்த நிறுவனமும் உதவ முடியாது. அவனிடம் நீங்களே பேசுங்கள். குழுவில் போட்டதை எல்லாருக்குமாக அழிக்கச் சொல்லுங்கள், குழு நிர்வாகியாக இருப்பவராலும் அழிக்க முடியும். பெரியம்மாவோ மாமாவோ நிர்வாகியாக இருந்தால் அவர்களிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் சொன்னால் அவனுக்கும் உறைக்கும். புகார் கொடுக்கும் முன் அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தன் உருவம் மட்டும் போனால் போதும் என்பாரா, கோலமும் வாசலும் தெரியக் கூடாது என்பாரா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

வேறு செயலிகளிலும் தேடிப் பாருங்கள். மேப்பில்ஸ், மேப்பிலரி இரண்டிலும் தெருப்படங்கள் உண்டு. கூகுளில் மறைத்தது அங்கே மறையாது, தனித்தனியாகக் கேட்க வேண்டும். புகார் அனுப்பிய பிறகு வரும் மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். ரெண்டு வாரம் கழித்து, உங்கள் கணக்கில் நுழையாத வேறொரு போனிலிருந்து அதே இடத்தைத் திறந்து பாருங்கள். பழைய ஆண்டுப் படங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, எதிலாவது அம்மா தெரிந்தால் அதற்கும் ஒரு புகார் கொடுத்துவிடுங்கள்.